பத்தாவது கட்டிலில் இருப்பவர் யார்?

நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றில் செவிலியர் பயிற்சிக்குச் சென்ற மகளோ, மருமகளோ, தங்கையோ இருக்கின்றாள். வெள்ளுடை அணிந்து அவள் எடுத்துக்கொண்ட முதல் நிழற்படம், வீட்டுக் கூடத்தில் திரு இருதயப் படத்தின் அருகே மாட்டப்பட்டிருப்பதைக் கண்டு நாமும் மகிழ்ந்திருக்கின்றோம். ஆயினும், முதலாண்டு விடுமுறைக்கு வீடு வந்த அதே பெண், "இனி நான் போகமாட்டேன், அம்மா" என்று அழுவதும் உண்டு. வேலை தாங்கவில்லை, வார்டு சிஸ்டர் ஏசுகிறார்கள், விடுதிச் சாப்பாடு சரியில்லை என்று அவள் கூறும் காரணங்களைக் கேட்டு, பெற்றோர் ஆறுதல் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகின்றனர். அக்காரணங்களுக்கு அடியில் அவளுக்கே பெயரிடத் தெரியாத வேறொன்று இருக்கக்கூடும் என்பதை, ஸ்காட்லாந்துப் பெண்மணி ஒருவர் தம் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்டு ஆராய்ந்து எழுதி வைத்திருக்கின்றார். அவரையும் அவருடைய ஆய்வுகளையும் பற்றி இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

இசபெல் மென்சீஸ் என்பது அவர் பெயர். 1917-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கீழைக்கரை ஊராகிய டைசார்ட்டில், போதகர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் உளவியலும் கற்று, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கேயே விரிவுரையாளராகவும் பணியாற்றினார். 1946-இல் லண்டன் மாநகரில் டேவிஸ்டாக் மனித உறவுகள் நிலையம் தோன்றியபோது, அதன் தொடக்க உறுப்பினருள் ஒருவரானார். தொழிற்சாலையாயினும் மருத்துவமனையாயினும், மனிதர் கூடி உழைக்கும் இடங்களில் எழும் இடர்ப்பாடுகளை, அங்கேயே சென்று, பழகி, கேட்டு ஆராய்வது அந்நிலையத்தாரின் வழக்கம். பின்னர் அவர் உளப்பகுப்பாய்வும் பயின்று அதனையே தொழிலாகக் கொண்டார். 1975-இல் ஆலிவர் லித் என்பவரை மணந்தபின் இசபெல் மென்சீஸ் லித் என்று அறியப்பெற்றார். பொருளாதாரம் படித்தவர் நோயாளரின் கட்டிலருகே வந்து நின்றது எவ்வாறு என்று வாசகர் வியக்கலாம். மருத்துவமனையே அவரை அழைத்தது.

1950-களின் பிற்பகுதியில் நிகழ்ந்தது அது. லண்டனிலிருந்த பெரிய பயிற்சி மருத்துவமனை ஒன்று டேவிஸ்டாக் நிலையத்தாரின் உதவியை நாடிற்று. அதன் பெயரை அம்மையார் தம் கட்டுரையில் வெளியிடவில்லை. அங்கு ஏறத்தாழ 700 செவிலியர் இருந்தனர். அவர்களுள் முழுப் பயிற்சி பெற்றவர் 150 பேர் அளவினரே. எஞ்சியோர் அனைவரும் மாணவியர். பயிற்சி பெற்றவர்கள் நிர்வாகத்திலும் மேற்பார்வையிலும் கற்பித்தலிலும் இருந்தமையால், நோயாளரைத் தொட்டுப் பேணும் வேலை ஏறக்குறைய முழுவதும் இளம் பெண்களின் கையில் இருந்தது. மாணவியரைக் கற்பதற்காக வார்டு மாற்றுவதா, அன்றி ஆள் தேவைக்காக மாற்றுவதா என்னும் சிக்கல் முற்றி, பயிற்சித் திட்டமே குலைந்துவிடுமோ என்று மேலிடத்தார் அஞ்சினர். மாணவியர் பணியைப் பகிர்ந்தளிப்பதற்கு நல்ல முறை ஒன்று வேண்டும் என்பதே அவர்கள் கேட்ட உதவி.

அம்மையாரும் துணைவரும் 70 பேர் அளவிலான செவிலியரைத் தனித்தும் சிறு குழுக்களாகவும் சந்தித்துப் பேசினர். வார்டுகளில் நின்று கவனித்தனர். வந்த காரியமாகிய அட்டவணைச் சிக்கல் தோலின்மேல் எழுந்த கொப்புளமே என்பதும், உள்ளே அளவு கடந்த துன்பமும் கலக்கமும் தேங்கிக் கிடக்கின்றன என்பதும் அவர்களுக்கு விரைவில் தெரியவந்தன. மாணவியருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சியை முடிக்காமலே வெளியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் தேர்வில் தோற்று விலக்கப்பட்டவர் அல்லர். தாமே வேண்டி விலகியவர். மூத்த செவிலியரும் அடிக்கடி வேலை மாறினர். சிறு நோய்களுக்காக விடுப்பெடுத்தோர் தொகையும் மிகுதியாயிருந்தது.

செவிலியின் வேலை எத்தகையது என்று சற்றே எண்ணிப் பார்ப்போம். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வந்த பெண்ணொருத்தி, வேறெவரும் காண விரும்பாதவற்றைக் காண்கின்றாள். தொட விரும்பாதவற்றைத் தொடுகின்றாள். சீழையும் மலத்தையும் துடைக்கின்றாள். தன் தந்தையின் வயதினர் ஒருவர் குழந்தைபோல் அழுவதைக் கேட்கின்றாள். காலையில் முகம் கழுவிவிட்டவரை மாலையில் வெள்ளைத் துணியால் மூடுகின்றாள். அவள் உள்ளத்தில் இரக்கம் மட்டுமா எழும்? அருவருப்பும் எழும், இவர் ஏன் நம்மை இப்பாடு படுத்துகின்றார் என்னும் எரிச்சலும் எழும், அவ்வெரிச்சலை எண்ணித் தன்மீதே வெறுப்பும் எழும். நோயாளரும் உறவினரும் அவளுக்கு நன்றி காட்டுவர். அதே வேளையில், தம் வீட்டவரைப் பேணும் பணி தம் கையைவிட்டு அவள் கைக்குப் போய்விட்டதே என்று உள்ளூரப் பொறாமையும் கொள்வர். சிறு குறை கண்டாலும் சினப்பர். இவ்வாறு எல்லாருடைய கலக்கமும் வடிந்து வந்து சேரும் பள்ளமாக மருத்துவமனை ஆகிவிடுகின்றது. இதன் வேரை அம்மையார் மனிதரின் மழலைப் பருவக் கற்பனைகள் வரையில் தேடிச் செல்கின்றார். உளப்பகுப்பாய்வாளரின் அக்கொள்கையை நாம் முழுவதும் ஏற்கவேண்டும் என்பதில்லை. கட்டிலருகே அவர் கண்டவை, அக்கொள்கையின் துணையின்றியே நிற்கக் கூடியவை.

இக்கலக்கத்தை அம்மருத்துவமனை என்ன செய்தது? எவரும் கூடித் தீர்மானிக்காமலே, பல்லாண்டுக் காலத்தில், அதனை உணராதிருப்பதற்கான வழக்கங்களைத் தனக்கென ஏற்படுத்திக்கொண்டது. அவற்றுள் முதன்மையானது வேலைப் பட்டியல். ஒரு மாணவிக்கு இன்னின்ன நோயாளர் என்று ஒப்படைப்பதில்லை. இன்னின்ன வேலை என்றே ஒப்படைப்பர். ஒருத்தி வார்டிலுள்ள முப்பது பேருக்கும் காய்ச்சல் பார்ப்பாள். மற்றொருத்தி அதே முப்பது பேருக்கும் பெட்பேன் வைப்பாள். வேறொருத்தி படுக்கை விரிப்பாள். இம்முறையில் எந்த ஒரு நோயாளரோடும் எந்த ஒரு செவிலியும் நெருங்கிப் பழக வழியில்லை. நெருங்காவிட்டால், அவர் இறக்கும்போது நோவும் குறைவு.

பெயரும் மறைந்துபோயிற்று. 'பத்தாவது கட்டில் கல்லீரல்', 'பதினைந்தாவது கட்டில் நிமோனியா' என்று செவிலியர் தமக்குள் பேசிக்கொண்டனர். அவ்வாறு பேசுவது தகாது என்று அவர்களே கூறினர். ஆயினும் அவ்வழக்கம் நிலைத்திருந்தது. நோயாளருக்கு நேர்ந்ததே செவிலிக்கும் நேர்ந்தது. எல்லாருக்கும் ஒரே சீருடை. ஒரே ஆண்டில் பயிலும் மாணவியருள் எவள் எங்கே நின்றாலும் ஒன்றுதான். இன்று இந்த வார்டு. நாளை, முன்னறிவிப்பின்றி, வேறு வார்டு. நல்ல செவிலி இடமாற்றத்தைப் பொருட்படுத்தமாட்டாள் என்பது அங்கு நிலவிய எண்ணம். மனம் கலங்கிய மாணவிக்கு, "திடமாயிரு" என்பதே கிடைத்த ஆறுதல். மூத்தவர்கள் கல்நெஞ்சர் அல்லர் என்பதை அம்மையார் தெளிவாக எழுதுகின்றார். தனியே உரையாடியபோது, அம்மாணவியரின் துன்பத்தை அவர்கள் ஆழ்ந்து உணர்ந்திருந்தது வெளிப்பட்டது. அதனை அவளிடமே காட்டுவது கட்டுப்பாட்டைக் குலைத்துவிடும் என்று அவர்கள் கருதியிருந்தனர்.

அயர்ந்து உறங்கும் நோயாளரைத் தட்டியெழுப்பித் தூக்க மாத்திரை கொடுத்த செய்தியும் அக்கட்டுரையில் வருகின்றது. நமக்குச் சிரிப்பு எழுகின்றதன்றோ? ஆனால், அம்மாணவியின் இடத்தில் நின்று நோக்குவோம். மாத்திரைக்குரிய நேரம் பட்டியலில் எழுதப்பட்டிருக்கின்றது. கொடுக்காமல் விடுவதாயின் அவளே ஒரு முடிவு எடுத்தல் வேண்டும். முடிவு பிழையாயின் பழி அவள்மேல் விழும். எழுதியபடி செய்துவிட்டால் எவரும் அவளைக் குறை கூற இயலாது. அவள் மாத்திரை கொடுத்தது நோயாளரின் உறக்கத்திற்காக அன்று, தன் அமைதிக்காக.

இது லண்டனுக்கு மட்டும் உரியதன்று. நோயாளர்க்குத் திருஎண்ணெய் பூச நாம் செல்லும்போது, வார்டு வாயிலில் பெயரைச் சொல்லி விசாரித்தால், "எந்த பெட், ஃபாதர்?" என்றே திருப்பிக் கேட்கின்றனர். கேட்கும் அப்பெண் அன்பில்லாதவள் அல்லள். சற்று முன் அதே நோயாளர்க்குக் கஞ்சி ஊட்டியவள் அவளாகவே இருக்கவும் கண்டிருக்கின்றோம்.

பொறுப்பைப் பற்றி அவர் எழுதியுள்ள பகுதி, வீட்டிலும் பள்ளியிலும் தலைமை ஏற்றிருப்போர் அனைவரும் படித்துப் பார்க்கத் தக்கது. மிகச் சிறிய செயலையும் ஒருவர் செய்ய, மற்றொருவர் சரிபார்க்க, மூன்றாமவரைக் கேட்டு முடிவு செய்வது அங்கே வழக்கமாயிருந்தது. மருந்து விஷயத்தில் இது வேண்டற்பாலதே. ஆனால், பிழை நேரினும் தீங்கில்லாத சிறு காரியங்களிலும் அவ்வாறே செய்தால், இளையவள் எதனையும் தானே எண்ணிச் செய்யக் கற்பதில்லை. 'இக்காலப் பெண்களுக்குப் பொறுப்பே இல்லை' என்று மூத்தோர் குறைகூறினர். 'எங்களை ஒன்றும் செய்யவிடாமல் அடக்குகின்றனர்' என்று இளையோர் முறையிட்டனர். ஒவ்வொரு செவிலியின் உள்ளத்திலும் பொறுப்புணர்வும் உண்டு, அதனை உதறிவிட விரும்பும் விளையாட்டுத்தனமும் உண்டு. முன்னதை மூத்தோர்க்கும் பின்னதை இளையோர்க்குமாகத் தம்மையறியாமலே அவர்கள் பங்கிட்டுக்கொண்டனர் என்பது அம்மையாரின் விளக்கம். இன்னும் கசப்பான முடிவு ஒன்றும் உண்டு. நோயாளரை முழு மனிதராகப் பேண வேண்டும் என்ற வேட்கையோடு வந்த, மனமுதிர்ச்சி மிக்க பெண்களே இம்முறையை மிகுதியாக வெறுத்தனர். வெளியேறியவர்களுள் அத்தகையோரும் இருந்தனர்.

இந்த ஆய்வு 1960-இல் 'மனித உறவுகள்' என்னும் ஆங்கில ஆய்விதழில் வெளிவந்தது. நிறுவனங்களின் வழக்கங்கள் மனிதரின் அச்சத்திற்கு அரணாக அமையக்கூடும் என்ற கருத்தை, தொழிற்சாலை ஒன்றை ஆராய்ந்து எலியட் ஜாக்ஸ் என்பவர் 1955-இல் முன்வைத்திருந்தார். இசபெல் அம்மையார் அதனை மருத்துவமனைக்குக் கொண்டுவந்து, ஒரு படி மேலே சென்றார். இவ்வரண் அச்சத்தை ஒளித்துவைக்கின்றதே அன்றித் தீர்ப்பதில்லை. மேலும், பணியின் மகிழ்ச்சியையும் பறித்துக்கொள்கின்றது என்பது அவர் கூற்று. நோயாளர் குணமடைந்து வீடு திரும்பும்போது, 'இவரைத் தேற்றியது நான்' என்று சொல்லிக்கொள்ள அங்கே எந்தச் செவிலிக்கும் வாய்ப்பில்லை. நன்றி முழுவதும் மருத்துவமனைக்கே உரியது.

ஆய்வின் பயனாக அம்மருத்துவமனை மாறிவிட்டதா? சிற்சில மாற்றங்கள் செய்யப்பட்டன. அடிப்படை முறை அப்படியே இருந்தது. இது கண்டு வியப்பதற்கில்லை. கூரையைத் தாங்கி நிற்கும் சுவர் கோணலாயிருக்கின்றது என்று எடுத்துக் காட்டிவிடலாம். மாற்றுத் தூண் நிறுத்தாமல் அதனை இடிக்க எவர் துணிவர்? பட்டியலை நீக்கினால் அது இதுவரை மறைத்துவைத்த நோவு முழுவதும் செவிலியின்மேல் வந்து விழும். ஆகவேதான், மாற்றம் மிகத் தேவைப்படும் இடத்திலேயே மாற்றத்திற்கு எதிர்ப்பும் மிகுந்திருக்கின்றது என்று அவர் கண்டார். ஒரே மருத்துவமனையில், எழுபது பேரளவில் பேசி எழுதப்பட்ட ஆய்வு இது என்பதை நாம் மறத்தலாகாது. ஆட்பற்றாக்குறை, குறைந்த ஊதியம் ஆகியவற்றை அவர் இன்னும் அழுத்திக் கூறியிருக்கலாம் என்பதும் நம் கருத்து. மனப்பாரத்தை எவ்வளவு பேசினாலும், முப்பது பேருக்கு மூவர் என்ற கணக்கு மாறிவிடாது.

மாற்றுத் தூண் நிறுத்தும் வாய்ப்பு அவருக்குக் குழந்தைகளின் வார்டில் கிடைத்தது. அதனைச் சொல்லுமுன், அக்காலத்து இங்கிலாந்தில் குழந்தைகள் மருத்துவமனையில் எவ்வாறு வைக்கப்பட்டிருந்தனர் என்று கூறவேண்டும். பல மருத்துவமனைகளில் பெற்றோர் வாரத்திற்கு ஓரிரு மணி நேரமே வரலாம். லண்டனில் புனித தோமையார் பெயர் தாங்கிய மருத்துவமனையில், 1949-ஆம் ஆண்டளவில், முதல் மாதம் முழுவதும் பெற்றோர்க்கு அனுமதியில்லை; மாலை ஏழு மணிமுதல் எட்டு மணிவரை, குழந்தை உறங்கும்போது பார்த்துச் செல்லலாம். தாய் வந்து போனால் குழந்தை அழுகின்றது, வராவிட்டால் அமைதியாயிருக்கின்றது என்பதே இதற்குக் கூறப்பட்ட காரணம். அது அமைதியன்று, நம்பிக்கையிழந்த நிலை என்று காட்டியவர், அதே டேவிஸ்டாக்கில் ஜான் போல்பியோடு பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன். குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த லாரா என்னும் இரண்டரை வயதுக் குழந்தையை அவர் படம் பிடித்தார். தமக்கு வேண்டிய காட்சிகளை மட்டும் பொறுக்கியெடுத்தார் என்று எவரும் கூறாதபடி, குறித்த வேளைகளில் மட்டும், சுவர்க் கடிகாரமும் தெரியும்படி எடுத்தார். 1952-இல் மருத்துவர் அவையில் அது காட்டப்பட்டபோது பலர் சினந்தெழுந்தனர். இது எங்கள் வார்டுகளின் உண்மைநிலை அன்று என்றனர். ஆயினும், அறுவை மருத்துவர் ஹாரி பிளாட் தலைமையில் அமைந்த குழு, பெற்றோர் எந்நேரமும் வரலாம் என்று ஆக்குதல் வேண்டும் என்று 1959-இல் பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின என்பது வேறு கதை.

நிற்க. லண்டனின் வடமேற்கு ஓரத்தில் ஸ்டான்மோர் என்னுமிடத்தில் எலும்பு மருத்துவத்திற்கென்று பெரிய மருத்துவமனை உண்டு. இடுப்பு மூட்டு விலகிப் பிறந்த குழந்தைகள் போன்றோர், மாவுக்கட்டுடனோ, கால்களில் எடை கட்டிய நிலையிலோ அங்கே நெடுங்காலம் படுத்திருக்க நேரும். 1970-களில் இசபெல் அம்மையாரும் துணைவரும் அங்குள்ள சிறு குழந்தைகள் பிரிவில் பல ஆண்டுகள் பணிபுரிந்தனர். அங்கு அன்பிற்குக் குறைவில்லை. அவ்வழியே போவோர் வருவோர் எல்லாரும் குழந்தைகளைக் கொஞ்சினர். அதுவே தீங்காயிற்று. வந்தவரிடமெல்லாம் தாவி, போனவரையெல்லாம் மறந்து, எவரிடமும் ஆழப் பற்றுக்கொள்ளாத இயல்பு குழந்தைகளிடம் வளரத் தொடங்கியிருந்தது.

இம்முறை அவர்கள் பட்டியலையே மாற்றினர். ஒவ்வொரு குழந்தையும், அதன் பெற்றோரும், குறிப்பிட்ட ஒரு செவிலியின் பொறுப்பில் விடப்பட்டனர். அக்குழந்தையின் ஊட்டமும் உறக்கமும் அழுகையும் அவளுக்குரியவை. தாய் கலங்கினால் பேச வேண்டியவளும் அவளே. வழிப்போக்காக நுழைவோர் கட்டுப்படுத்தப்பட்டனர். பெற்றோர் உடனிருக்க ஊக்கப்படுத்தப்பட்டனர். முன்பு மேலிடத்தில் குவிந்திருந்த முடிவுகள் பல அவ்விளம் பெண்களிடமே விடப்பட்டன. இதற்கு விலை உண்டு. பெயர் அறிந்து பேணிய குழந்தை நோவால் கதறும்போது, அவளுக்கும் நெஞ்சு பதறும். அது வீடு திரும்பும்போது அவளுக்கும் பிரிவு உண்டு. ஆகவே, அவர்கள் தம் கலக்கத்தைக் கூடிப் பேசுவதற்கென்றே நேரம் ஒதுக்கப்பட்டது. பட்டியல் மறைத்துவைத்த நோவுக்கு இங்கே பேச்சில் இடம் கொடுக்கப்பட்டது. நிறுவனங்களில் நெடுநாள் வளரும் குழந்தைகளிடம் வழக்கமாகக் காணும் தீங்குகள் இவர்களிடம் காணப்படவில்லை என்று அம்மையார் பின்னர் எழுதினார். ஆய்வேட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடாமல், ஆண்டுக்கணக்கில் உடனிருந்து உழைத்ததே இம்மாற்றம் வேரூன்றக் காரணம் என்பது எம் எண்ணம்.

பிற இடங்களிலும் காலம் மெல்ல அசைந்தது. வேலைகளை அன்றி நோயாளரையே செவிலியர்க்குப் பகிர்ந்தளிக்கும் முறை பல நாடுகளில் பரவிற்று. பிரிட்டனில் 1989 முதல் புகுத்தப்பட்ட புதிய பயிற்சித் திட்டம், மாணவியரை ஆட்கணக்கில் சேர்க்கும் வழக்கத்தைப் பெரிதும் நீக்கியது. அம்மையாரின் கட்டுரைகள் 1988-இலும் 1989-இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தன. அவர் 2008-இல் காலமானார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2013-இல், இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையைப் பற்றிய ராபர்ட் பிரான்சிஸ் விசாரணை அறிக்கை வெளிவந்தது. தண்ணீர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க நோயாளர் தாகத்தால் தவித்ததும், நனைந்த படுக்கையிலேயே முதியோர் கிடந்ததும் அதில் பதிவாயின. அங்கே மேலிடத்தார் எண்ணிக்கை இலக்குகளையும் வரவு செலவையுமே பார்த்திருந்தனர். பட்டியல் வேறு உருவில் திரும்பி வந்திருந்தது.

அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் கென்னத் ஷ்வார்ட்ஸ் என்னும் வழக்கறிஞர், நாற்பது வயதில் நுரையீரல் புற்றுநோய் கண்டு 1995-இல் இறந்தார். தம்மைத் தாங்கியவை மருந்துகள் மட்டுமல்ல, செவிலியரும் மருத்துவரும் விதியைச் சற்று மறந்து தம்மோடு மனிதராய் நின்ற சில நொடிகளே என்று அவர் எழுதிவைத்தார். அவர் பெயரால் 1997-இல் அந்நகர மருத்துவமனையில் ஒரு கூட்டம் தொடங்கி, 2009-இல் பிரிட்டனுக்கும் வந்தது. இன்று பல மருத்துவமனைகளில் அது நடைபெறுகின்றது. ஒரு மணி நேரம், மருத்துவர், செவிலியர், அலுவலகத்தார், துப்புரவுப் பணியாளர் எல்லாரும் ஒரே அறையில் அமர்வர். மூன்று, நான்கு பேர், தம்மைக் கலங்கச் செய்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்வர். பிறர் தம் உள்ளத்தில் பட்டதைக் கூறுவர். நோயை எவ்வாறு தீர்த்திருக்கலாம் என்ற ஆய்வு அங்கே கிடையாது, தீர்மானமும் கிடையாது. உணவும் அங்கேயே வழங்கப்படும். நேரம் முடிந்ததும் அவரவர் தம் வார்டுக்குத் திரும்புவர்.